விதிகள் எந்த வரிசையில் ஓடும்? விதி நிரலாக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"இன்னது இருந்தால் இன்னது செய்" என்ற விதிகளை ஓட்டும் கிளிப்ஸ், ஜெஸ், ட்ரூல்ஸ் போன்ற விதி எஞ்சின்களில் எழுதத் தொடங்கி, "நான் நினைத்த வரிசையில் ஓட மாட்டேன் என்கிறதே" என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பவர்களுக்கான பக்கம் இது. பேச்சு எளிதாக இருக்க ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு பேருந்து முன்பதிவு நிரல். அடிப்படைக் கட்டணம் 400 ரூபாய். மாணவர் என்றால் 25 சதவீதம் சலுகை, மூத்த குடிமக்கள் என்றால் 40 சதவீதம். முன்பதிவுக் கட்டணம் 20 ரூபாய். கடைசியில் சீட்டு அச்சாக வேண்டும். எண்கள் எல்லாம் கற்பனை.

கோப்பில் மேலே எழுதிய விதி முதலில் ஓடாதா?

ஓடும் என்று நம்பக் கூடாது. சி, ஜாவா, பைத்தான் எதில் எழுதினாலும் ஒரு வரிக்கு அடுத்த வரி என்று பழகியிருப்போம். விதி எஞ்சினில் கதை வேறு. உங்கள் விதிகள் ஒரு பக்கம் இருக்கும். நிரலுக்குத் தெரிந்த தகவல்கள் பணி நினைவகத்தில் இருக்கும். எஞ்சின் இரண்டையும் பொருத்திப் பார்த்து, நிபந்தனை நிறைவேறிய விதிகளையெல்லாம் ஒரு பட்டியலில் போடும். அந்தப் பட்டியலுக்குத்தான் அஜெண்டா என்று பெயர். அதன் உச்சியில் உள்ள ஒன்றை எடுத்து ஓட்டும். அது ஓடியதில் தகவல்கள் மாறியிருந்தால் பட்டியலும் மாறும். சில விதிகள் புதிதாக உள்ளே வரும், சில வெளியேறும். மறுபடி உச்சியில் உள்ளது ஓடும். பட்டியல் காலியாகும்வரை இதே சுழற்சி.

இன்னொன்றையும் சொல்லிவிடலாம். அஜெண்டாவில் இருப்பது வெறும் விதி இல்லை. "இந்த விதி, இந்தத் தகவல்களோடு" என்ற ஜோடி. மூன்று மாணவர்கள் முன்பதிவு செய்தால், மாணவர் சலுகை விதி ஒன்றுதான், ஆனால் அஜெண்டாவில் அதற்கு மூன்று இடம். "இந்த விதி முடிந்த பிறகு அந்த விதி" என்று கேட்பவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். எந்தப் பயணிக்கு முடிந்த பிறகு? அவருக்கா, எல்லாருக்குமா? கேள்வியை அப்படிப் பிரித்தாலே பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

பொருத்திப் பார்ப்பதற்கு ரீட்டே அல்காரிதம் என்கிறார்களே, வரிசையை அது முடிவு செய்கிறதா?

இல்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஃபோர்கி உருவாக்கிய ரீட்டே, எந்தெந்த விதிகள் பொருந்துகின்றன என்பதை வேகமாகக் கண்டுபிடிக்கும் வழி. பொருந்தியவற்றில் எது முதலில் என்பது அடுத்த கட்டம்; அதற்கு முரண் தீர்த்தல் என்று பெயர்.

அப்படியானால் எஞ்சின் எப்படித்தான் தேர்ந்தெடுக்கிறது?

எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் 1985இல் பிறந்த கிளிப்ஸை எடுத்துக்கொள்வோம். அது முதலில் பார்ப்பது விதியின் முன்னுரிமை எண்ணை, அதாவது சேலியன்ஸை. எண் பெரிதாக இருப்பது மேலே. எண் சமமாக இருந்தால், நடப்பில் உள்ள உத்தி தீர்மானிக்கும். கிளிப்ஸில் ஏழு உத்திகள்: டெப்த், பிரெட்த், சிம்ப்ளிசிட்டி, காம்ப்ளெக்ஸிட்டி, லெக்ஸ், எம்இஏ, ரேண்டம். நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் டெப்த்.

டெப்த் என்றால் புதிதாகத் தகுதி பெற்றது, அதே எண் கொண்ட பழையவற்றுக்கு மேலே போய் உட்காரும். கடைசியாக வந்தவருக்கு முதல் மரியாதை. பிரெட்த் இதற்கு நேர் எதிர். முதலில் வந்தது முதலில். ஒரே தகவலால் ஒரே நேரத்தில் இரண்டு விதிகள் தகுதி பெற்றால் அவற்றுக்குள் எது மேலே? அதற்கு டெப்த், பிரெட்த் இரண்டுமே உத்தரவாதம் தருவதில்லை. "நான் சோதித்தபோது எப்போதும் இதுதான் முதலில் வந்தது" என்பது சாட்சி ஆகாது. இன்னொரு விதியைச் சேர்த்தாலோ கோப்புகளை வேறு வரிசையில் ஏற்றினாலோ அது மாறிவிடலாம்.

லெக்ஸும் எம்இஏவும் ஓபிஎஸ்5 என்ற பழைய மொழியிலிருந்து வந்தவை. அதுவும் ஃபோர்கியின் கைவேலைதான். லெக்ஸ், பொருந்திய தகவல்களில் எது அண்மையில் நினைவகத்துக்கு வந்தது என்று பார்க்கும். அதிலும் சமம் என்றால் நிபந்தனைகள் அதிகமுள்ள விதிக்கு முன்னிடம் தரும். எம்இஏ, விதியின் முதல் நிபந்தனையோடு பொருந்திய தகவலின் அண்மையை முதலில் பார்க்கும். இது ஏன் முக்கியம் என்பது கட்டங்களைப் பற்றிப் பேசும்போது வரும்.

வரிசையைப் பற்றி உண்மையிலேயே கவலைப்பட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ஒரு விதி, இருக்கும் தகவல்களிலிருந்து புதுத் தகவல் ஒன்றைச் சேர்க்க மட்டும் செய்கிறது. எதையும் அழிக்கவில்லை, மாற்றவில்லை. எல்லா விதிகளும் இப்படியே இருந்தால் எந்த வரிசையில் ஓடினாலும் கடைசியில் நினைவகத்தில் இருப்பது ஒன்றுதான். வயது 60க்கு மேல் என்றால் மூத்த குடிமகன், மூத்த குடிமகன் என்றால் சலுகைக்கு உரியவர். இதில் முன்பின் பார்க்க எதுவும் இல்லை. இரண்டாவது விதி முதலாவதற்காகத் தானாகவே காத்திருக்கும், ஏனென்றால் அதற்கு வேண்டிய தகவல் அதுவரை இல்லை.

வரிசை கடிக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, ஒரு மதிப்பை அழித்து அதே இடத்தில் வேறொன்றை எழுதுவது. இரண்டு, "இன்னது இல்லை" என்று நிபந்தனையில் கேட்பது. மூன்று, அச்சிடுவது, மின்னஞ்சல் அனுப்புவது, பணம் எடுப்பது போல வெளியுலகில் ஏதாவது செய்வது. வரிசைப் பிரச்சினை என்று யாராவது நிரலைக் காட்டினால் நான் முதலில் தேடுவது இந்த மூன்றைத்தான்.

மதிப்பை மாற்றுவதில் என்ன தவறு?

தவறு இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். பயணியின் "கட்டணம்" என்ற ஒரே புலத்தில் எல்லா விதிகளும் கை வைக்கின்றன என்று வைப்போம். மாணவர் சலுகை முதலில் ஓடினால் 400 என்பது 300 ஆகும், பிறகு முன்பதிவுக் கட்டணம் சேர்ந்து 320. முன்பதிவுக் கட்டணம் முதலில் சேர்ந்தால் 420, அதில் 25 சதவீதம் போக 315. ஒரே பயணி, ஒரே விதிகள், 5 ரூபாய் வித்தியாசம். எங்கும் பிழைச் செய்தி வராது. கணக்குப் பிரிவிலிருந்து யாராவது கூப்பிடும்வரை யாருக்கும் தெரியாது.

பலர் உடனே சலுகை விதிக்கு 10, முன்பதிவு விதிக்கு 5 என்று எண் போட்டு முடித்துவிடுவார்கள். அதைவிட நல்ல வழி, ஒரே புலத்தை எல்லாரும் திருத்துவதை நிறுத்துவது. அடிப்படைத் தொகை ஒரு தகவல், சலுகைத் தொகை ஒரு தகவல், முன்பதிவுத் தொகை ஒரு தகவல். மூன்றும் இருந்தால் மொத்தம் கணக்கிடும் விதி ஒன்று:

விதி: மொத்தம்
இருந்தால்: பயணிக்கு அடிப்படைத் தொகை அ, சலுகைத் தொகை ச, முன்பதிவுத் தொகை மு
செய்: மொத்தக் கட்டணம் = அ − ச + மு என்று சேர்

இப்போது சலுகை விதியும் முன்பதிவு விதியும் எந்த வரிசையில் வேண்டுமானாலும் ஓடட்டும். வரிசை வேண்டும் என்ற தேவையே போய்விட்டது. ஒரு மாதம் கழித்து "இந்த 320 எப்படி வந்தது" என்று யாராவது கேட்டாலும் மூன்று தொகைகளும் நினைவகத்தில் அப்படியே இருக்கும்.

"சலுகை இல்லாதவர்" என்று எழுதினேன். மாணவருக்கும் அந்த விதி ஓடிவிட்டதே?

மேலே உள்ள மொத்தம் விதிக்குச் சலுகைத் தொகை கட்டாயம் வேண்டும். சலுகை எதுவும் இல்லாத பயணிக்கு யார் அந்தத் தகவலைத் தருவது? எல்லாரும் எழுதுவது இது:

விதி: சலுகை-இல்லை
இருந்தால்: பயணி ஒருவர், அவருக்குச் சலுகைத் தொகை எதுவும் இல்லை
செய்: சலுகைத் தொகை 0 என்று சேர்

படிக்கச் சரியாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் பயணி நினைவகத்துக்குள் நுழைந்த அந்த நொடியில் யாருக்குமே சலுகைத் தொகை கணக்கிடப்பட்டிருக்காது. ஆக, எல்லாப் பயணிகளுக்கும் இந்த நிபந்தனை உடனே உண்மை. இது மாணவர் விதிக்கு முன்பு ஓடிவிட்டால், மாணவருக்கு 0 என்று ஒரு தொகை, பிறகு 100 என்று ஒரு தொகை, இரண்டு மொத்தம், இரண்டு சீட்டு.

"இல்லை" என்று எஞ்சினிடம் கேட்டால் "இப்போதைக்கு இல்லை" என்றுதான் அது பதில் சொல்லும். நமக்கு வேண்டியது "இனியும் வராது" என்பது. அதற்கு ஒரே வழி, அந்தத் தகவலைத் தரக்கூடிய விதிகள் எல்லாம் முடிந்த பிறகே "இல்லையா" என்று கேட்பது. டேட்டாலாக் மொழிக்காரர்கள் இதற்காக விதிகளை அடுக்குகளாகப் பிரிப்பார்கள்: கீழ் அடுக்கு முழுவதும் முடிந்த பிறகே மேல் அடுக்கில் எதிர்மறைக் கேள்வி. கிளிப்ஸும் ட்ரூல்ஸும் இப்படித் தானாகப் பிரிப்பதில்லை, அந்தப் பொறுப்பு உங்களுடையது.

செய்ய வழிகள் உண்டு. சலுகை-இல்லை விதிக்கு மட்டும் −10 என்று முன்னுரிமை கொடுக்கலாம். சின்ன நிரலுக்கு அது போதும். பெரிதென்றால் கட்டமாகப் பிரிக்கலாம் (கீழே வருகிறது). மூன்றாவது வழி, விதி தரும் தகவலை நிபந்தனையோடு கட்டிப்போடுவது. கிளிப்ஸில் லாஜிக்கல் என்ற சொல், ட்ரூல்ஸில் இன்சர்ட்லாஜிக்கல். நிபந்தனை பொய்யானதும் அதனால் வந்த தகவலும் தானாக வெளியேறும். இதற்கு நிபந்தனையை "0 அல்லாத சலுகைத் தொகை எதுவும் இல்லை" என்று மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் விதி சேர்க்கும் 0வே தன் நிபந்தனையைப் பொய்யாக்கிவிடும். அப்படி எழுதினால் மாணவர் சலுகை வந்ததும் 0 போய்விடும். மொத்தம் விதியையும் இப்படியே கட்டியிருந்தால் தப்பான மொத்தமும் கூடவே போகும். அழகான வசதி, ஆனால் ஒரு எல்லை உண்டு: அச்சான சீட்டை எந்த எஞ்சினாலும் திரும்ப வாங்க முடியாது. வெளியுலகைத் தொடும் விதிகளைக் கடைசிக் கட்டத்தில் தனியாக வைக்கச் சொல்வது அதனால்தான்.

சேலியன்ஸ் எண்ணைப் பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கிளிப்ஸில் −10000 முதல் 10000 வரை கொடுக்கலாம், கொடுக்காவிட்டால் 0. ட்ரூல்ஸிலும் இயல்பு 0, எதிர்ம எண்ணும் ஏற்கும். எண்ணுக்குப் பதிலாக, கணக்கிட்டால் எண் தரும் ஒரு கோவையும் எழுதலாம். தகவலைப் பொறுத்து முன்னுரிமை மாறும். கிளிப்ஸிலும் கோவை எழுத முடியும், ஆனால் இயல்பாக அது விதியை ஏற்றும்போது ஒரே ஒரு முறைதான் மதிப்பிடப்படும். ஒவ்வொரு முறை தகுதி பெறும்போதும், அல்லது ஒவ்வொரு சுழற்சியிலும் மதிப்பிடும்படி அமைப்பை மாற்றலாம். இதைக் கவனிக்காமல் "எண் மாறவே மாட்டேன் என்கிறது" என்று அலைபவர்கள் உண்டு.

முன்னுரிமை 10 உள்ள விதிகள் எல்லாம் முடிந்துதான் 5 தொடங்கும் என்பது பாதி உண்மை. அந்த நேரத்தில் அஜெண்டாவில் உள்ள 10கள் முடிந்ததும் 5 ஒன்று ஓடும். அது சேர்த்த தகவலால் மறுபடி ஒரு 10 தகுதி பெற்றால், மீதி 5கள் காத்திருக்க அந்த 10 முன்னால் போய்விடும். ஆக சேலியன்ஸ் என்பது கட்டம் இல்லை. அந்தந்த நொடியில் யார் முன்னால் என்பது மட்டும்தான்.

எல்லா விதிக்கும் எண் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

அன்றைக்குத் தீரும். முதலில் 10, 20, 30 என்று போடுவீர்கள். நடுவில் ஒன்று நுழைய வேண்டும் என்றதும் 15. அப்புறம் 17. பழைய பேசிக் மொழியில் வரி எண் போட்டவர்களுக்கு இது எங்கே போய் முடியும் என்று தெரியும். ஆறு மாதம் கழித்து 17ஐப் பார்ப்பவருக்கு, அது 15க்குப் பின்னால் வரக் கூடாது என்பதற்காகவா, 20க்கு முன்னால் வரக் கூடாது என்பதற்காகவா, அல்லது வெறும் பயத்தில் போட்டதா என்று தெரியாது. எண்ணில் காரணம் எழுதியிருக்காது. நிபந்தனையில் எழுதியிருந்தால் அது தெரியும்: "மொத்தக் கட்டணம் இருந்தால்தான் அச்சிடு" என்ற வரியே தன் காரணத்தைச் சொல்லிவிடுகிறது.

என் கணிப்பில் ஒரு நிரலுக்கு மூன்று, நான்கு நிலைகளுக்கு மேல் தேவைப்பட்டால் வடிவமைப்பைத் திரும்பப் பார்க்க வேண்டும். நான் ஏற்றுக்கொள்ளும் நிலைகள் இவை: தவறான தகவல்களைப் பிடித்து வெளியேற்றும் விதிகளுக்கு மிக உயர்ந்த எண், சாதாரண விதிகளுக்கு 0, வேறு எதுவும் பொருந்தாதபோது ஓட வேண்டிய இயல்பு விதிகளுக்குக் குறைந்த எண், கட்டம் மாற்றும் விதிக்கு அதற்கும் கீழே. அவற்றையும் வெற்று எண்ணாக எழுதாமல் பெயருள்ள மாறிலியாக வைத்தால் படிப்பவர் பிழைப்பார்.

எண் இல்லாமல் கட்டங்களாகப் பிரிப்பது எப்படி?

பழைய முறை, கட்டத்தையே ஒரு தகவலாக வைப்பது. "கட்டம்: சரிபார்ப்பு" என்று நினைவகத்தில் ஒன்று இருக்கும். சரிபார்ப்பு விதிகள் எல்லாவற்றிலும் முதல் நிபந்தனை அதுதான். அந்தக் கட்டத்தில் ஓட வேண்டியவை முடிந்ததும், குறைந்த முன்னுரிமை உள்ள ஒரு விதி அந்தத் தகவலை நீக்கிவிட்டு "கட்டம்: கட்டணம்" என்று போடும். அப்புறம் "கட்டம்: அச்சு".

டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்துக்காக ஜான் மெக்டெர்மாட் ஓபிஎஸ்5இல் உருவாக்கிய ஆர்1 என்ற அமைப்பு, பின்னாளில் எக்ஸ்கான் என்று அழைக்கப்பட்டது, வாக்ஸ் கணினிகளுக்கு எந்தெந்தப் பாகங்கள் எப்படிப் பொருந்தும் என்று அமைத்துக் கொடுத்தது. ஆயிரக்கணக்கில் வளர்ந்த விதிகளை இப்படித்தான் சிறு வேலைகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஓபிஎஸ்5இல் சேலியன்ஸ் என்பதே கிடையாது. எம்இஏ உத்தி அங்கே கைகொடுக்கும்: முதல் நிபந்தனையில் கட்டத் தகவல் இருப்பதால், கடைசியாகத் தொடங்கிய வேலையின் விதிகளே முன்னால் வரும், அது முடிந்ததும் கவனம் தானாகவே முந்தைய வேலைக்குத் திரும்பும்.

இந்த முறையில் தொல்லை ஒன்றுதான். எல்லா விதியிலும் கட்ட நிபந்தனையை மறக்காமல் எழுத வேண்டும். ஒன்றில் மறந்தால் அந்த விதி எல்லாக் கட்டத்திலும் மூக்கை நுழைக்கும்.

மாட்யூல், அஜெண்டா குரூப் என்பவை இதைத்தான் செய்கின்றனவா?

ஆமாம், இன்னும் சுத்தமாக. கிளிப்ஸில் 6.0 பதிப்பிலிருந்து மாட்யூல்கள் உண்டு. ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனி அஜெண்டா. ஃபோகஸ் எந்த மாட்யூலில் இருக்கிறதோ அதன் விதிகள் மட்டும் ஓடும். அது காலியானதும் ஃபோகஸ் அடுக்கில் அதற்குக் கீழே உள்ள மாட்யூலுக்குப் போகும். ட்ரூல்ஸில் அதே வேலையை அஜெண்டா குரூப் செய்கிறது. குழு எதிலும் சேராத விதிகள் மெயின் என்ற இயல்புக் குழுவில் சேரும், அது அடுக்கின் அடியில் இருக்கும்.

இங்கே எல்லாரும் ஒருமுறையாவது தடுக்கி விழுவது வரிசை தலைகீழாகும் இடத்தில். ஃபோகஸ் என்பது அடுக்கு என்பதால் கடைசியாக வைத்ததே மேலே நிற்கும். ட்ரூல்ஸில் சரிபார்ப்பு, கட்டணம், அச்சு என்ற வரிசையில் ஓட வேண்டுமென்றால் ஃபோகஸை அச்சு, கட்டணம், சரிபார்ப்பு என்று தலைகீழாக வைக்க வேண்டும். கிளிப்ஸில் ஒரே ஃபோகஸ் கட்டளையில் மூன்று பெயரையும் சேர்த்துக் கொடுத்தால் முதலில் எழுதியதே முதலில் ஓடும். தனித்தனியாக மூன்று முறை கொடுத்தால் மறுபடி தலைகீழ்.

கட்டணக் கட்டத்தின் நடுவில் தவறான தகவல் தெரியவந்தால் உடனே சரிபார்ப்புக்குத் தாவ வேண்டுமா? அதற்கு ஆட்டோ ஃபோகஸ் இருக்கிறது. அந்த விதி தகுதி பெற்றதுமே அதன் மாட்யூல் அடுக்கின் உச்சிக்கு வந்துவிடும். ஓரிரு அவசர விதிகளுக்கு நல்லது. நிறைய விதிகளுக்கு வைத்தால் கட்டம் பிரித்ததற்கே அர்த்தமில்லாமல் போகும்.

குறிப்பான விதி பொது விதியை வெல்ல வேண்டும். காம்ப்ளெக்ஸிட்டி உத்தி போதுமா?

போதாது. காம்ப்ளெக்ஸிட்டி உத்தியில் நிபந்தனை அதிகமுள்ள விதி முன்னால் ஓடும், அவ்வளவுதான். பொது விதி அஜெண்டாவில் அப்படியே காத்திருக்கும், அதன் முறை வந்ததும் அதுவும் ஓடும். "மாணவருக்கு 25", "தொலைதூரம் போகும் மாணவருக்கு 35" என்று இரண்டு விதி இருந்தால், முதலில் 35, பின்னால் 25 என்று இரண்டும் கிடைக்கும். சேலியன்ஸ் போட்டாலும் இதே கதிதான். முந்துவது வேறு, தடுப்பது வேறு. வரிசைக் கேள்வி என்று வருபவற்றில் நிறைய உண்மையில் தடுப்புக் கேள்விகள்.

பாணினியின் சமஸ்கிருத இலக்கண நூலான அஷ்டாத்யாயி இந்த வேறுபாட்டை எப்போதோ தெளிவாக வைத்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். சிறப்பு விதி அங்கே பொது விதியைத் தன் எல்லைக்குள் ஓடவே விடாது. சமமான இரண்டு விதிகள் மோதினால் எது என்பதற்குத் தனிச் சூத்திரம், 1.4.2. அதன் பொருளைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. போகட்டும், நம் வேலைக்கு வருவோம்.

தடுக்க மூன்று வழி. பொது விதியின் நிபந்தனையிலேயே விலக்கை எழுதலாம்: மாணவர், தொலைதூரம் இல்லை. விலக்கு ஒன்றிரண்டு என்றால் இதுவே சிறந்தது. இரண்டாவது, சிறப்பு விதி ஓடும்போது பொது விதிக்கு வேண்டிய ஒரு தகவலை நீக்கிவிடலாம். "சலுகை தேவை" என்ற தகவலை ஓடிய விதி எடுத்துவிட்டால் மற்றவை அஜெண்டாவிலிருந்து தாமாக விழுந்துவிடும். ட்ரூல்ஸில் மூன்றாவதாக ஆக்டிவேஷன் குரூப் உண்டு. அந்தக் குழுவில் ஒன்று ஓடியதும் மற்றவை ரத்தாகும், சேலியன்ஸ் அதிகமுள்ளது முந்தும். ஆனால் அது பயணிக்கு ஒன்று என்று பார்க்காது. மூன்று பயணிகள் ஒன்றாக நினைவகத்தில் இருந்தால், ஒருவருக்குச் சலுகை கிடைத்ததும் மற்ற இருவரின் வாய்ப்பும் போய்விடும். பயணிகளை ஒவ்வொருவராக ஓட்டும் நிரலுக்கு மட்டுமே அது பொருந்தும்.

என் விதி நிற்காமல் திரும்பத் திரும்ப ஓடுகிறது. வரிசைதான் காரணமா?

இல்லை. ஒரே தகவல்களோடு ஒரு விதி ஒரு முறைதான் ஓடும். ஆனால் விதி தன் நிபந்தனையில் பார்க்கும் தகவலையே மாற்றினால் எஞ்சினுக்கு அது புதுப் பொருத்தம், எனவே புதுத் தகுதி. கட்டணத்தைப் படித்து, 25 சதவீதம் குறைத்து, கட்டணத்திலேயே எழுதும் விதி 400, 300, 225 என்று இறங்கிக்கொண்டே போகும்.

ட்ரூல்ஸில் நோ-லூப் என்று போட்டால் விதி தன்னைத் தானே எழுப்புவது நிற்கும். ஆனால் இரண்டு விதிகள் ஒன்றையொன்று மாற்றி மாற்றி எழுப்பினால் அதனால் எதுவும் செய்ய முடியாது. அதற்கு லாக்-ஆன்-ஆக்டிவ் இருக்கிறது; குழு ஃபோகஸில் இருக்கும்வரை அந்த விதிக்குப் புதுத் தகுதியே கிடைக்காது. தேவையான மறுஓட்டத்தையும் அது விழுங்கிவிடும் என்பதால் எனக்கு அதில் பிரியம் இல்லை. ஓடிய பிறகு நிபந்தனை தானாகவே பொய்யாகும்படி எழுதுவதுதான் மருந்து.

ட்ரூல்ஸில் கோப்பில் எழுதிய வரிசையில்தானே ஓடுகிறது?

சேலியன்ஸ் சமமாக இருக்கும்போது பல நேரம் அப்படித்தான் தெரியும். ஆனால் விதிகள் பல கோப்புகளில் பரவும்போதும், எஞ்சின் பதிப்பு மாறும்போதும் அதை நம்ப முடியாது. ட்ரூல்ஸ் 6இல் ரீட்டே வழியிலிருந்து ஃப்ரீக் என்ற அல்காரிதத்துக்கு மாறினார்கள். தேவைப்படும்போதுதான் விதியை முழுவதும் மதிப்பிடும் சோம்பேறி முறை அது. வரிசையைத் தற்செயலாக நம்பியிருந்த நிரலை இப்படிப்பட்ட மாற்றம் காட்டிக்கொடுத்துவிடும்.

முடிவு அட்டவணை பயன்படுத்தினால்?

முடிவு அட்டவணை என்றால், எந்த நிபந்தனைக்கு என்ன முடிவு என்று ஒவ்வொரு விதியையும் ஒரு கிடைவரிசையாக எழுதுவது. அதற்கான டிஎம்என் தரத்தில் அட்டவணையின் மூலையில் ஓர் எழுத்து இருக்கும். யூனிக் என்றால் ஒரு கிடைவரிசை மட்டுமே பொருந்த வேண்டும், இரண்டு பொருந்தினால் பிழை. ஃபர்ஸ்ட் என்றால் மேலிருந்து முதலில் பொருந்தியது. கலெக்ட் என்றால் பொருந்திய அனைத்தும். முடிந்தவரை யூனிக் வைத்துக்கொள்ளுங்கள். ஃபர்ஸ்ட் வைத்தால் நடுக் கிடைவரிசை ஒன்றை மட்டும் தனியாகப் படித்துப் பொருள் சொல்ல முடியாது, மேலே உள்ளதையெல்லாம் படிக்க வேண்டும்.

ப்ரோலாக்கிலும் இதே சிக்கலா?

தர்க்க நிரல் மொழியான ப்ரோலாக்கில் அஜெண்டா இல்லை. அது இலக்கிலிருந்து பின்னோக்கிப் போகும். விதிகளை மேலிருந்து கீழாக, ஒரு விதிக்குள் இலக்குகளை இடமிருந்து வலமாகப் பார்க்கும். எழுதிய வரிசையே ஓடும் வரிசை. அதனால்தான் தன்னையே அழைக்கும் விதியை, முடிவுக்கு வரும் விதிக்கு மேலே எழுதினால் முடிவில்லாமல் சுற்றலாம். வேறு வழிகளைத் தேடாதே என்று சொல்ல கட் உண்டு.

எந்த வரிசையில் ஓடியது என்று எப்படிப் பார்ப்பது?

கிளிப்ஸில் வாட்ச் கட்டளையை விதிகளுக்கும் ஆக்டிவேஷன்களுக்கும் (அஜெண்டாவில் இடம்பெறும் ஜோடிகள்) போட்டுவிட்டு, ரன் 1 என்று ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். ஒவ்வொரு அடியிலும் அஜெண்டா கட்டளை கொடுத்தால் காத்திருப்போர் பட்டியல் தெரியும். ஓட வேண்டிய விதி பட்டியலிலேயே இல்லை என்றால் அது வரிசைப் பிரச்சினை இல்லை, நிபந்தனைப் பிரச்சினை. மேட்சஸ் கட்டளை எந்த நிபந்தனையில் தடுக்கிறது என்று காட்டும். ட்ரூல்ஸில் அஜெண்டா ஈவென்ட் லிசனர் ஒன்றை மாட்டி, ஓடிய விதிகளின் பெயரைப் பதிவு செய்யலாம்.

அப்புறம், கிளிப்ஸில் யாரும் சீந்தாத ரேண்டம் உத்திக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. அது சம முன்னுரிமை உள்ளவற்றைக் கலைத்துப் போட்டு ஓட்டும். உங்கள் சோதனைகளை அந்த உத்தியில் பல முறை ஓட்டுங்கள். மொத்தக் கட்டணம் ஒருமுறை 320, ஒருமுறை 315 என்று வந்தால், எங்கோ ஒரு வரிசையைச் சொல்லாமலே நம்பியிருக்கிறீர்கள் என்று பொருள். தேட வேண்டிய இடங்கள் முன்பே சொன்ன மூன்றும்தான்.

எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட வேண்டும் என்றால்?

அப்போது விதி எஞ்சின் எதற்கு? பத்து படிகள், கிளை இல்லை, வரிசை மாறாது என்றால் சாதாரணச் செயற்கூறு ஒன்று எழுதிவிடலாம். படிக்கவும் எளிது, பிழை தேடவும் எளிது. கலப்பாக இருந்தால் பிரித்துக்கொள்ளலாம்: வரிசை உள்ள மேல்மட்ட ஓட்டத்தை ஜாவாவிலோ, விதிக் குழுக்களின் ஓட்டத்தை வரையும் ரூல்ஃப்ளோவிலோ வைத்து, ஒவ்வொரு படிக்குள்ளும் அடிக்கடி மாறும் சலுகை விதிகளை மட்டும் எஞ்சினிடம் கொடுக்கலாம்.

ஓட்டத்தை நடுவில் நிறுத்த முடியுமா?

முடியும். கிளிப்ஸில் ஹால்ட் என்று விதியின் செயல் பகுதியில் எழுதினால், நடப்பு விதி முடிந்ததும் எஞ்சின் நின்றுவிடும். அஜெண்டா அழியாது, மறுபடி ரன் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ட்ரூல்ஸிலும் ஹால்ட் உண்டு. கூடவே, எல்லா விதிகளையும் ஓட்டும் அழைப்பில் அதிகபட்சம் எத்தனை முறை என்று ஓர் எண்ணையும் கொடுக்கலாம். சோதனை ஓட்டங்களில் அதைக் கொடுத்து வையுங்கள், சுழற்சியில் மாட்டிய விதி இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்காது.